தண்ணீர் விசில்

"பசிக்குதா?" என்று கேட்டால் நம் ஆட்கள் பொய்தான் சொல்வார்கள் என்பதைக் கண்டுபிடிக்க உலக உணவு மன்றத்துக்குப் பல வருடங்கள் பிடித்தன. நாலைந்து நிபுணர் குழுக்கள் வந்து போயின. ஏதாவது ஒரு தெருமுனையில் நின்று, போகிற வருகிறவர்களிடம் "சாப்டாச்சா?" என்று கேட்டிருந்தால் ஒரு காலைப்பொழுதில் முடிந்திருக்கவேண்டிய வேலை அது. வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தாலும் "ஆச்சுங்க, நீங்க?" என்றுதான் பதில் வரும். அந்த "நீங்க?" இருக்கிறதே, அது இன்னும் பெரிய சாமர்த்தியம். கேட்டவர் அதற்குமேல் வாயைத் திறக்கமாட்டார்.

மழை தொடர்ந்து பொய்த்து, உலகம் முழுக்க நெல் விளைச்சல் பாதிக்கு இறங்கி, கப்பலில் வரும் அரிசியைத் தெருத் தெருவாக அளந்து பிரிக்கவேண்டிய காலம் வந்தபோது இந்த மரியாதைப் பொய் ஆளைக் கொல்லத் தொடங்கியது. கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பசியே இல்லை. ஆஸ்பத்திரிகளில் மட்டும் கட்டில் கிடைக்கவில்லை. ஆட்களைக் கேட்டுப் பயனில்லை, அடுப்பைக் கேட்போம் என்று மன்றம் முடிவு செய்தது. அப்படி வந்ததுதான் பசிமானி.

தெருவிளக்குக் கம்பத்தில் பொருத்துகிற, தேங்காய்மூடி அளவுள்ள கருவி. பேச்சை அது காதில் போட்டுக்கொள்ளாது. அடுப்படிச் சத்தத்தை மட்டும் பிரித்தெடுக்கும். நாட்டுக்கு நாடு சத்தம் வேறு. மெக்சிகோவில் ரொட்டி தட்டுகிற சத்தம், மாலியில் உரல் இடிக்கிற சத்தம், நமக்குக் குக்கர் விசில். எந்த வீட்டில், எந்த வேளையில், எத்தனை விசில் என்று எண்ணிவிட்டால் அங்கே எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். நம் ஊர் விசிலை அந்தக் கருவிக்குப் புரியவைத்தவள் கோகிலவாணி. சென்னை தரமணியில் இருந்த மன்றத்தின் அலுவலகத்தில் ஒலிப்பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு.

அவளைப் பற்றி அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்தது, ஈரோட்டுப் பக்கம், ஜவுளிக் குடும்பம் என்பது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் "வீட்ல என்ன பண்றாங்க?" என்று யாரோ கேட்டதற்கு "டெக்ஸ்டைல்ஸ்" என்று சொல்லியிருந்தாள். அதில் பொய் ஒன்றுமில்லை. பள்ளிபாளையத்தில் யாரோ ஒருவருடைய விசைத்தறியை அவள் அப்பா ஓட்டினார், அதே பட்டறையில் அம்மா தார்க்குச்சியில் நூல் சுற்றினாள். கேட்டவர் அதை மில் என்று எடுத்துக்கொண்டார். திருத்தலாம் என்று நினைப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விட்டது. அதற்குப் பிறகு திருத்துவதற்கு நல்ல நாள் ஒன்று வரவேயில்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டதால் தேடி வந்து காட்டிக்கொடுக்கவும் ஆளில்லை. கூட வேலை பார்த்த ஹரிஹரசுதன் அவளை "முதலாளியம்மா" என்றே கூப்பிட்டான். அவளும் சிரித்துக்கொண்டாள்.

மாநிலம் முழுக்கப் பசிமானியைப் பொருத்துவதற்கு முன் கடைசிக் கூட்டம் நடந்தது. திட்ட இயக்குநர் இன்பசேகரன் நல்ல மனிதர், எதையும் இரண்டு முறை கேட்கிறவர்.

"எல்லாரும் கொஞ்ச நேரம் கெட்டவங்களா மாறுங்க," என்றார். "இந்தக் கருவியை எப்படி ஏமாத்தலாம்?"

"பட்டினி மாதிரி நடிக்கலாம் சார்," என்றான் சுதன். "சமைப்பாங்க, ஆனா விசில் வராமப் பாத்துக்குவாங்க. வெயிட்டைத் தூக்கி விட்டா முடிஞ்சுது."

"அதைக் கரண்ட் கணக்கை வெச்சுப் பிடிச்சுடலாம். அடுத்த பக்கம் சொல்லுங்க. சோறே இல்லாம விசில் வருமா? மின்னடுப்பு கவர்மென்ட் குடுத்தது, கரண்டும் இப்ப இலவசம். வெறும் தண்ணிய வெச்சாக்கூட விசில் வருமே?" என்றார் இன்பசேகரன்.

வாணிக்குத் தெரியும். அவள் அம்மா அதைத்தான் செய்தாள். கையில் காசில்லாத நாட்களில் குக்கரில் தண்ணீரை மட்டும் ஊற்றி அடுப்பில் வைப்பாள். மூன்று விசில் விடுவாள். பிறகு வாணலியில் சொட்டு எண்ணெய் காய்ச்சி நாலு கடுகும் ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலையும் பொரிப்பாள், வாசத்துக்காக. ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் அடுத்தடுத்த இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "என்னங்க்கா, இன்னிக்குப் பருப்பா?" என்று குரல் வரும். "ஆமாங், வேறென்ன!" என்று அம்மா சலித்துக்கொள்வாள், தினமும் பருப்பே தின்று அலுத்துப்போனவள் மாதிரி. அப்புறம் அந்தச் சுடுதண்ணீரில் உப்புப் போட்டு வாணிக்குக் கொடுப்பாள். வாணி ஊதி ஊதிக் குடிப்பாள்.

சொல்லிவிட்டால் போதும். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். 'உங்களுக்கு எப்படித் தெரியும்?' மில் முதலாளி மகளுக்குத் தண்ணீர் விசில் எப்படித் தெரியும்?

"அப்படி யாரு சார் செய்வாங்க?" என்றாள் வாணி. குரல் வெகு இயல்பாக வந்தது. "பசியில கிடக்கிறவ தண்ணிக்கு விசில் விட்டு யாருக்கு என்ன லாபம்?"

மேசையைச் சுற்றிலும் சிரிப்பு எழுந்தது. "முதலாளியம்மாவே சொல்லிட்டாங்க, அப்பீல் கிடையாது," என்றான் சுதன். இன்பசேகரனும் சிரித்துக்கொண்டே அந்தக் கேள்வியை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். பேசாமல் இருந்திருந்தால்கூட அவர் இரண்டாம் முறை கேட்டிருப்பார். வாணி வாயைத் திறந்து அந்தக் கதவைச் சாத்திவிட்டாள்.

பசிமானி ஊர் ஊராக ஏறியது. பசியுள்ள தெரு வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும், சாப்பிடுகிற தெரு பச்சையாகத் தெரியும். ஒளிவுமறைவு கூடாது, அரிசியில் திருட்டு நடக்கக்கூடாது என்று மன்றம் அந்த வரைபடத்தை யார் வேண்டுமானாலும் ஃபோனில் பார்க்கும்படி திறந்து வைத்தது. கருவி அருமையாகக் கேட்ட இடங்களில் ஒன்று குமாரபாளையத்து நூல்மண்டி லைன். தறி ஓடிய காலத்தில் அங்கே பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. நூலும் வராமல் வெயிலிலும் ஓட்டமுடியாமல் தறிகள் நின்றுபோன பிறகு, ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி.

அந்த லைனில் வேளை தவறாமல் விசில் கேட்டது. அதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் ஒரு வீட்டில் விசில் வரும். சற்று நேரத்தில் அடுத்த வீடு. அதைத் தொடர்ந்து அதற்கடுத்தது. கோர்த்துவிட்ட மாதிரி லைன் முழுவதும் போகும். வாணி அதைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கை எழுதினாள். 'ஒரே நேரத்தில் உண்ணும் அண்டை வீட்டாரின் பண்பாடு' என்று தலைப்பு வைத்தாள். தலைமையகத்தில் ரசித்துப் படித்தார்களாம். நூல்மண்டி லைனுக்குப் பச்சை கிடைத்தது. வாரா வாரம் அங்கே வந்துகொண்டிருந்த அரிசி வண்டியை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள்.

கோடை முற்றிய நேரத்தில் அந்த லைனில் ஓர் ஆள் செத்துப்போனார். வெள்ளியங்கிரி என்று பெயர், தறிக்காரர். குழாயடியில் குடத்தோடு விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டார் வெயில் என்றார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் வயிற்றைப் பார்த்துவிட்டு, நாள்கணக்கில் உணவில்லை என்று எழுதி அனுப்பினார்.

"எனக்குப் புரியலம்மா," என்றார் இன்பசேகரன். "அந்த வீட்ல ரெண்டு வேளையும் விசில் கேட்டிருக்கு. அவர் செத்த அன்னிக்குக் காலையிலகூட. கருவி கெட்டுப்போச்சா? உங்க ஊர்ப்பக்கம்தானே, ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துடேன்."

கருவி கெட்டுப்போகவில்லை என்பது ரயில் ஏறும்போதே வாணிக்குத் தெரியும். ஈரோடு வரும்வரை, அது கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனாள். இப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமியிடம் வைப்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அவள் வளர்ந்த லைனைப் போலவே இதுவும் இருந்தது. எதிரெதிராக இரண்டு வரிசை ஓட்டு வீடுகள், நடுவில் சாக்கடை, கடைசியில் குழாய். வெள்ளியங்கிரியின் மனைவி சாந்தாமணி வாசலுக்கு வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தாலும் புடவையைப் பளிச்சென்று துவைத்துக் கட்டியிருந்தாள்.

"வாங்க, உள்ள வாங்க. மெட்ராஸ்ல இருந்து வர்றீங்களாக்கு? வெயில்ல வந்திருக்கீங்க. சாப்ட்டீங்களா?"

"ஆச்சுங்க்கா. நீங்க?"

"ஆச்சுங், இப்பத்தான்."

வாணி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. இருந்தும் அந்தப் பதில் அவளைக் கேட்காமலே வந்தது.

கம்பத்துக் கருவியைச் சோதிக்க வந்ததாக வாணி சொன்னாள். சாந்தாமணி அதற்குத் தலையாட்டிவிட்டு, "சித்த நேரம் உக்காருங், ஒரு வாய் சாப்ட்டுட்டே போலாம்," என்று அடுப்படிக்குப் போனாள். வேண்டாம் வேண்டாம் என்று வாணி சொன்னது எடுபடவில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தமும், மூடி போடும் சத்தமும் கேட்டன. அரிசி களையும் சத்தம் கேட்கவில்லை.

விசில் வந்தது. லட்சக்கணக்கான விசில் கேட்ட காது வாணியுடையது. அரிசி வெந்தால் கஞ்சி நுரைத்து மேலே வரும், விசிலின் தொண்டை அடைத்துக்கொள்ளும், கரகரக்கும். இது கூர்மையாக, சுத்தமாக வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு விசில் கேட்டது. பிறகு எதிர்வீட்டில். அடுப்படியிலிருந்து கறிவேப்பிலை பொரிகிற வாசம் வந்தபோது வாணியால் உட்கார முடியவில்லை. எழுந்து அடுப்படி வாசலுக்குப் போய் நின்றாள்.

"அக்கா, அது தண்ணிதானுங்களே."

சாந்தாமணியின் கை கரண்டியோடு நின்றது. "என்ன சொல்றீங்? அரிசி போட்டிருக்கறன்."

"எங்கம்மாவும் இப்பிடித்தான் வெப்பாங்க. பள்ளிபாளையத்துல, லைன் ஊட்ல. மூணு விசில். பொறவு கறிவேப்பிலை." பத்திரமாக ஒளித்து வைத்திருந்த ஊர்ப்பேச்சு தானாகவே வாயில் வந்தது. "அந்தத் தண்ணியில உப்புப் போட்டுத்தான் எனக்குக் குடுப்பாங்க."

சாந்தாமணி அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையைத் திருகினாள்.

"வெளியில சொல்லிராதீங்," என்றாள். "மனுசன் போயாச்சு. சோறில்லாமச் செத்தான்னு பேரு வரக்கூடாதுங். எல்லாத்துகிட்டயும் வெயில்னு சொல்லி வெச்சிருக்கறன்."

"பக்கத்து ஊட்ல கேட்டிருக்கலாமேக்கா?"

"எப்பிடிங் கேக்கறது? அவிங்கெல்லாம் ரெண்டு வேளையும் பொங்கித் தின்னுட்டு மானமாத்தான் இருக்கறாங்க. விசில்தான் கேக்குதே. இந்த லைன்லயே நாங்க மட்டுந்தான் இப்பிடிக் கெட்டுப் போனோம்னு எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போய்ச் சொல்லறது? அங்க விசில் வந்தா, இங்கயும் வரோணுமில்லீங்களா?"

வாணிக்குத் தான் எழுதிய அறிக்கையின் தலைப்பு நினைவுக்கு வந்தது.

வெளியே வந்து விளக்குக் கம்பத்தின் அடியில் ஒரு கல்லில் உட்கார்ந்து கணினியைத் திறந்தாள். கருவி சேர்த்து வைத்திருந்த பழைய விசில்களை எல்லாம் எடுத்து, கரகரத்த விசில் ஒரு பக்கம், சுத்தமான விசில் ஒரு பக்கம் என்று பிரிக்கச் சொன்னாள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. அந்தக் கூட்டத்தன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வாரத்திலேயே செய்து முடித்திருக்கலாம். திரையில் பச்சையாக இருந்த வீடுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. சாந்தாமணி வீடு, அதற்கடுத்த வீடு, எதிர்வீடு. கடைசியில் லைனில் ஒரு பச்சைகூட மிஞ்சவில்லை. எல்லா வீட்டிலும் தண்ணீர்தான் வெந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வீடும் மற்ற வீடுகள் சாப்பிடுவதாக நம்பி, அந்த வெட்கத்தில் தன் விசிலை ஊதியிருக்கிறது. ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் பட்டினி. அதைத்தான் அவள் பண்பாடு என்று எழுதிப் பாராட்டு வாங்கியிருந்தாள்.

இன்பசேகரனை அழைத்தாள்.

"கருவி நல்லாத்தான் இருக்கு சார். நாமதான் தப்பு. இல்ல, நான்தான்." எல்லாவற்றையும் சொன்னாள். தறியை, தாரை, லைன் வீட்டை, அம்மாவின் குக்கரை. நடுவில் அழுகை வந்தது. அழுகிற தகுதிகூடத் தனக்கு இல்லை என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டாள்.

"அன்னிக்கே ஏம்மா சொல்லல?" என்றார் அவர். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

"வெக்கமா இருந்துச்சு சார்."

"இதை எனக்குச் சொன்ன மாதிரியே எழுது. எல்லா நாட்டு ஆபீசுக்கும் போகணும்," என்றார்.

எழுதினாள். திட்டு வரும் என்று காத்திருந்தவளுக்கு வந்த பதில்கள் வேறு மாதிரி இருந்தன. மாலியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: 'என் அம்மா வெறும் உரலை இடிப்பாள், தெருவுக்குக் கேட்க வேண்டும் என்று. எங்கள் கூட்டத்திலும் இதே கேள்வி வந்தது. நான் அப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.' மெக்சிகோவிலிருந்து ஒரு பெண்: 'எங்கள் தெருவில் மாவு இல்லாத கையைத் தட்டுவார்கள். எனக்குத் தெரியும்.' அடுத்தடுத்த நாட்களில் இன்னும் பல ஊர்களிலிருந்து வந்தன. ஒவ்வோர் அலுவலகத்திலும் யாரோ ஒருவர் நன்றாக உடுத்திக்கொண்டு, விஷயம் தெரிந்துகொண்டே, சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார். உலகம் முழுக்கப் பசிமானிக்குக் காது கேட்காமல் போனது ஒரே இடத்தில்தான், தெரிந்தவர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்ட இடத்தில்.

வரைபடத்தை எல்லா இடத்திலும் மாற்றினார்கள். இந்தத் திருத்தத்துக்கு அவள் பெயரையே வைக்கப்போகிறார்கள் என்று தலைமையகத்திலிருந்து செய்தி வந்தது. வேண்டவே வேண்டாம் என்று பதில் எழுதினாள். சுதன் அவளை 'மேடம்' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தான். அவன் கேலி செய்யாதது அவளுக்கு இன்னும் உறுத்தியது.

சிவப்பு ஏறியவுடன் நூல்மண்டி லைனுக்கு அரிசி வண்டி திரும்ப வந்தது. யாரும் வாங்கவில்லை. வண்டிக்காரர் வீடு வீடாகத் தட்டியிருக்கிறார். "எங்களுக்கெதுக்குங்? அந்தக் கடைசி ஊட்டுக்குக் குடுங்க, அவிங்கதான் பாவம்," என்றார்கள். கடைசி வீட்டில் முதல் வீட்டைக் கை காட்டினார்கள். நடுத்தெருவில் பத்துப் பேர் பார்க்க வண்டியண்டை நின்று ரேகை வைத்துப் பட்டினிக்கு ஒப்புதல் கொடுக்க யாருக்கும் கால் வரவில்லை. ஆள் வாங்காத அரிசி இரண்டாம் முறையும் திரும்பினால் வேறு தெருவுக்குப் போய்விடும், அது மன்றத்தின் விதி. இரண்டாம் முறை வண்டியோடு வாணியும் போனாள்.

லைனில் விசில் சத்தம் அடியோடு நின்றிருந்தது. வேகிறது தண்ணீர் என்று கம்பத்துக்கும் ஊருக்கும் தெரிந்த பிறகு எதற்கு விசில்? சாந்தாமணி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை வாங்க என்று சொல்லவில்லை.

"சொல்லிராதீங்கன்னு சொன்னனே," என்றாள். "ஃபோனத் தொறந்தா எங்க லைன் ரத்தமாட்டச் செவந்து கெடக்குதாம். என்ற அண்ணன் திருப்பூர்ல இருந்து கூப்புட்டு, 'ஏன்டி, சோத்துக்கில்லாமயா மச்சான் செத்தாரு?'ன்னு கேட்டு அழுகறான். இருந்த ஒண்ணயும் புடுங்கிட்டீங்களே."

"சொல்லலீன்னா வண்டி வராதுங்க்கா."

"வந்து? யாரு வாங்குனா?"

வாணி சாக்கடைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே சொன்னாள். "அக்கா, இன்னொண்ணு இருக்குதுங்க. வண்டி நின்னதே என்னாலதான். வெறுந்தண்ணிக்கு விசில் விடுவாங்களான்னு ஆபீசுல கேட்டாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சே, யாரும் விடமாட்டாங்கன்னு சொன்னேன். நான் லைன் ஊட்டுப் புள்ளைன்னு தெரிஞ்சிருமேன்னு பயந்துட்டு அப்பிடிச் சொன்னேன்."

சாந்தாமணி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்குக் காத்தால அவரு கொடத்த எடுத்துட்டுப் போறப்ப, பக்கத்து ஊட்டுப் புள்ள 'சாப்ட்டீங்களாண்ணா?'ன்னு கேட்டா. 'ஆச்சு'ன்னாரு. நானும் பக்கத்துல நின்னுட்டு, 'பருப்புஞ் சோறும்'னு சொன்னேன். நடக்க முடியாம நடந்து போனாரு. அந்த வாயிதான் எனக்கும். உங்கள என்னன்னு வையறது?" சற்று நிறுத்தினாள். "ஆனா எங்களுக்கு வண்டி நிக்கும்னு தெரியாதுங். உங்களுக்குத் தெரியுமில்லீங்களா?"

தெரியும் என்று வாணி தலையை ஆட்டினாள்.

சாந்தாமணி எழுந்து உள்ளே போவதற்குத் திரும்பியவள், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நாளான்னிக்கு அவரு காரியம். லைனுக்குச் சோறு போடோணும். போடாம உட்டா அந்த மனுசனுக்கு என்ன மரியாதை? ஊட்ல ஒரு புடி அரிசியில்லீங்."

"காரியத்துக்குக் கூப்புட்டா வருவாங்களாங்க்கா?"

"காரியச் சோத்த எவனாச்சும் வேண்டாம்பானா? அது செத்தவனுக்குச் செய்யற மரியாதையில்லீங்களா?" சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்தாள். வாணியும் பார்த்தாள்.

சுதனை அழைத்தாள். "ஒரே வீட்டுப் பேர்ல லைன் மொத்தத்துக்கும் அரிசி இறக்க முடியாது மேடம்," என்றான். "ரேகையும் ஒருத்தர் வெச்சா ஒரு வீட்டுக்குத்தான். ஆடிட்ல உங்க தலைதான் உருளும்."

"உருளட்டும்," என்றாள். வண்டிக்காரரின் கருவியில் வீட்டுக்கு ஒன்றாகக் கேட்ட ரேகைக்கெல்லாம் தன் கட்டைவிரலையே வைத்தாள். ஒவ்வொரு முறையும் திரையில் 'இந்த வீடு பசியில் இருப்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?' என்று வந்தது. ஒவ்வொரு முறையும் ஆம் என்று அழுத்தினாள். பிற்பாடு இதற்காக வேலை போனால் போகட்டும் என்று இருந்தது. தன்னால் யாருக்காவது ஒரு சௌகரியம் கிடைக்கட்டும் என்றும் இருந்தது.

காரியத்தன்று குழாயடிக்குப் பக்கத்தில் கல் கூட்டி விறகு வைத்துப் பெரிய அண்டாவில் சோறு வெந்தது. குக்கர் யாரும் எடுக்கவில்லை. சாந்தாமணி வீடு வீடாகப் போய், "என்ற ஊட்டுக்காரரு காரியம், எல்லாரும் வந்து சாப்ட்டுப் போகோணும்," என்று அழைத்தாள். கதவுகள் திறந்தன. ஆண்களும் பெண்களும் குளித்து, இருப்பதில் நல்லதை உடுத்தி வந்தார்கள். வரிசையாகப் பாய் விரித்து, பாக்குமட்டைத் தட்டுப் போட்டு, சோறும் பருப்பும் வைத்தார்கள். முதல் கவளம்வரை எல்லோரும் துக்க வீட்டுக்கு வந்தவர்களாகத்தான் இருந்தார்கள். அப்புறம் பேச்சு நின்றது. இரண்டாம் முறை சோறு கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. சாந்தாமணி கேட்காமலே போட்டுக்கொண்டு போனாள். பக்கத்துத் தட்டு காலியாகும் வேகத்தை ஒவ்வொருவரும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள், பார்த்ததும் தங்கள் தட்டுக்குத் திரும்பினார்கள். அத்தனை நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன வெந்தது என்பது அப்போதுதான் அவர்களுக்கு நேராகத் தெரிந்தது.

வாணியின் ஃபோன் அதிர்ந்தது. பசிமானி அனுப்பிய எச்சரிக்கை. 'நூல்மண்டி லைன்: இன்று எந்த வீட்டிலும் சமையல் இல்லை. பசி உச்ச நிலை. உடனே கவனிக்கவும்.' கம்பத்தில் இருந்த கருவியை நிமிர்ந்து பார்த்தாள். லைனே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்ட முதல் நாளை அது இப்படிக் கேட்டிருக்கிறது. இதற்கு ஒரு திருத்தம் எழுதவேண்டும் என்று பழக்கத்தில் மனம் ஓடியது. எழுதுவதற்குக் கை வரவில்லை. ஃபோனைப் பைக்குள் போட்டாள்.

சாந்தாமணி வாளியோடு எதிரில் வந்து நின்றாள்.

"நீங்க சாப்ட்டீங்களா?"

"ஆச்சுங்க்கா," என்றாள் வாணி.

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. சாந்தாமணி ஒரு தட்டை எடுத்து, வரிசையின் கடைசியில் காலியாக இருந்த இடத்தில் போட்டு, கேட்காமல் சோற்றை வைத்தாள். வாணி போய் உட்கார்ந்தாள். நிமிர்ந்து யாரையும் பார்க்காமல், தட்டைப் பார்த்துக் குனிந்தபடியே சாப்பிட்டாள். அன்று அந்த வரிசையில் எல்லோரும் அப்படித்தான் சாப்பிட்டார்கள்.